தேய்த்தாலும் போகாத கழுத்துக் கறுப்பு

"எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது டாக்டரம்மா. குளிக்கச் சொன்னா ரெண்டு சொம்பு ஊத்திட்டு ஓடி வந்துர்றா."

மேலூர்ப் பக்கத்திலிருந்து 14 வயது மகளைக் கூட்டிவந்த தாய் சொன்னது இது. அவர்கள் வந்தது கழுத்துக்காக அல்ல. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. பிடரியைப் பார்த்தேன். வெல்வெட் துணிபோலத் தடித்த கறுப்பு, அதன்மேல் பீர்க்கங்காய் நார் கீறிய சிராய்ப்பு. பிள்ளை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

அது அழுக்கில்லை. கணையம் சுரக்கும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறினால் தோல் செல்களையும் வளரத் தூண்டும். கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் தடித்துக் கறுக்கும். சோப்புக்கும் கடலை மாவுக்கும் அது போகாது.

பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். வளர்ந்து முடிந்ததும் சரியாகிவிடும். வயிற்றில் கொழுப்பு சேர்ந்த பிள்ளைக்கு, அதிலும் அப்பா, அப்பத்தா என்று குடும்பத்தில் சர்க்கரை இருந்தால், சுமை மிகவும் கூடிப்போகிறது. கணையம் கொஞ்ச காலம் தம் கட்டி நிற்கும். அப்போது சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். இன்சுலின் மட்டும் ஏறிக் கிடக்கும். பல பிள்ளைகளுக்குக் கழுத்து கறுப்பது அந்தக் கட்டத்தில்தான். அதனால்தான் அந்தக் கறுப்பை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நோய் வருமுன் தடுக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் அது.

அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முகப்பரு, மேலுதட்டில் முடி, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் அதன் தொடர்ச்சி. இவர்களோ பருவுக்கு ஒரு களிம்பு, கழுத்துக்கு ஒரு களிம்பு என்று தனித்தனியாகப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

பையன்களுக்கு வேறு மாதிரி. இந்த வயதில் மார்பு சற்று வீங்கி வடிவது இயல்புதான். ஆனால் கொழுப்பிலுள்ள ஒரு நொதி ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுவதால், பருத்த பையன்களுக்கு அது கூடுதலாகத் தெரியும். சேக்காளிகள் கிணற்றில் குதிக்கும்போது சட்டையைக் கழற்றாமல் மேட்டிலேயே உட்கார்ந்திருக்கும் பையன், நாளடைவில் பந்து விளையாடவும் போவதில்லை.

அந்தப் பிள்ளைக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 131 மில்லிகிராம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.8 சதவீதம். முறையே 126, 6.5 என்ற அளவை எட்டினாலே சர்க்கரை நோய்தான். "இந்த வயசுலயா?" என்றார் அப்பா. அவரே மாத்திரை சாப்பிடுகிறவர். இளவயதில் வரும் இந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமாகக் கணையத்தைத் தளர்த்தும். சிறுநீரகத்தையும் கண்ணையும் சீக்கிரமே தொடும்.

பேசப் பேசத்தான் தெரிந்தது, ஆறாம் வகுப்பு வரை அவள் பள்ளியில் கபடி ஆடியவள். வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சடங்கோடு சேர்த்துக் கொடுத்த உளுந்தங்களியை நான் குறை சொல்ல மாட்டேன். சில நாள் தின்பதுதானே. விளையாட்டை நிறுத்தியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வேலை செய்யும் தசைதான் இரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அது ஓய்ந்த இடத்தில் டியூஷனும், பாட்டில் பானமும், ராத்திரி பரோட்டா சால்னாவும் வந்து உட்கார்ந்தன. பட்டினி போடச் சொல்லவில்லை. பானத்தை அறவே நிறுத்தி, ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கச் சொன்னேன். 10 வயதுக்கு மேல் கொடுக்கக்கூடிய மெட்ஃபார்மின் மாத்திரையும் எழுதினேன்.

வீட்டில் ஒரு நூல் போதும். பிள்ளையின் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் சேராவிட்டால், கழுத்தும் கறுத்திருந்தால், வையாமல் கூட்டிவாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அவளுக்குச் சராசரி 6.2. கழுத்து இன்னும் கறுப்புதான், சிராய்ப்பு ஆறிவிட்டது. சாயங்காலம் தம்பியோடு பள்ளி மைதானத்துக்குப் போகிறாளாம். கபடிக்குத் திரும்பச் சேர்க்கலாமா என்று அவள் அம்மாதான் கேட்டார்.