குடல் பாக்டீரியா மாத்திரை மறதியை நிறுத்துமா?

மறதி என்று பெரியவர்களைக் கூட்டி வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் தவறாமல் கேட்பது இதுதான்: “குடல் பாக்டீரியா மாத்திரை கொடுத்தால் அம்மாவுக்கு ஞாபகம் திரும்புமா டாக்டர்?” திரும்பாது. டிமென்ஷியா என்ற மறதி நோயைக் குணமாக்கும் புரோபயாட்டிக் மாத்திரை, அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை, இன்றுவரை எதுவும் இல்லை. ஆனால் குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்ற பேச்சு வெறும் விளம்பரமும் இல்லை.

நாம் செரிக்காமல் விடும் நார்ச்சத்துதான் பெருங்குடல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட், புரோப்பியோனேட், அசிட்டேட் என்ற அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். நார் கிடைக்காத எலிகளின் குடலில், சுவரை மூடிக் காக்கும் சளிப் படலத்தையே சில பாக்டீரியா தின்னத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பு பலவீனமானால் பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகள் ரத்தத்தில் கசியும், உடலில் மெல்லிய அழற்சி நீடிக்கும். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவையும் அது உசுப்பிவிடலாம்.

மனிதர்களில் கிடைத்த சான்று இதைவிட மெலிந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர், நினைவாற்றல் நன்றாக இருந்த 164 பேரைச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில், டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமரின் ஆரம்ப அடையாளங்கள் மூளையில் இருந்த 49 பேரின் குடல் பாக்டீரியா மற்றவர்களுடையதைப் போல இல்லை. குடல் மாறியதால் மூளை மாறியதா, மூளை மாறியதால் குடலா என்பதற்கு இதில் பதில் கிடையாது. 2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வில், 60 வயதைத் தாண்டிய 36 இரட்டையர் ஜோடிகளில் ஒருவருக்கு பாக்டீரியாவுக்கு உணவாகும் நார்ப்பொடியும் மற்றவருக்கு வெறும் பொடியும் 12 வாரம் கொடுத்தார்கள். நார் சாப்பிட்டவர்கள் நினைவுத் தேர்வில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அவர்கள் டிமென்ஷியா நோயாளிகள் அல்லர். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் ‘குடல் பாக்டீரியா பரிசோதனை’க்கும் இப்போதைக்கு அவசியமில்லை. அறிக்கையில் வரும் பெயர்களை வைத்துக்கொண்டு மறதிக்கு மருந்து எழுத எந்த மருத்துவராலும் முடியாது.

சமையலறையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நாளுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் கிடைப்பது 3 கிராமுக்கும் குறைவு. அதே எடையில் கேழ்வரகில் சுமார் 11, முழுப் பச்சைப்பயறில் 17, முழுக் கொண்டைக்கடலையில் 25. ஒரு கைப்பிடிக் கடலை, அதாவது காய்ந்த எடையில் 30 கிராம், சுண்டலானால் ஏழு கிராமுக்கு மேல். 60 கிராம் கேழ்வரகு மாவில் அடை தட்டினால் ஆறரை. நடுத்தரக் கொய்யா ஒன்று சுமார் எட்டு. இந்த மூன்றிலேயே 22 ஆகிவிட்டது; மீதியைக் கீரையும் காய்களும் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகள் கேழ்வரகை நீர்த்த கஞ்சியாகக் குடிக்காமல் அடையாகச் சாப்பிடுவது நல்லது. கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது அவசரத்தில். ஒரே நாளில் சுண்டல், கீரை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்தால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, மூன்றாம் நாளே “இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நிறுத்திவிடுவார்கள். வாரத்துக்கு ஐந்து கிராம் வீதம் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

புளித்த உணவைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. இட்லி மாவில் உயிரோடிருக்கும் பாக்டீரியா கொப்பரை ஆவியில் செத்துவிடும். ஆகவே இட்லி நல்ல உணவுதான், புரோபயாட்டிக் அல்ல. கொதிக்கும் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்தாலும் அதே கதி. சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். பழைய சோற்றில் பாக்டீரியா உயிரோடு இருக்கும். அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயின் உப்புதான் ரத்த அழுத்தக்காரர்களுக்கு வில்லன்.

இவ்வளவு சொன்னாலும், குடலும் மூளையும் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் வீட்டில் யாரும் பேசக் கூச்சப்படும் மலச்சிக்கல்தான். டிமென்ஷியா முற்றியவருக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளுவார், வேட்டியை அவிழ்ப்பார், இரவெல்லாம் நடப்பார், தொட்டால் அடிப்பார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து வீட்டார் தூக்க மாத்திரை கேட்பார்கள். சில சமயம் ‘பேதி’ என்றுகூட வருவார்கள். கெட்டிப்பட்ட மலம் மலக்குடலை அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர் மலம் கசிந்துகொண்டிருக்கும். அதற்குப் பேதியை நிறுத்தும் லோபெரமைடு கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். ஆசனவாய்க்குள் விரலால் தொட்டுப் பார்த்தாலே மருத்துவருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். இந்த நிலையில், மலச்சிக்கலுக்கு நாராகக் கரைத்துக் குடிக்கும் இசப்கோலும் கூடாது. போதிய தண்ணீர் இல்லாமல் அது உப்பிக் குடலையே அடைக்கும், விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தொண்டையிலேயே நிற்கும்.

இந்தச் சிக்கலைத் தூண்டும் மாத்திரைகள் பல நேரம் வீட்டு டப்பாவிலேயே இருக்கும். சளி மாத்திரையில் வரும் குளோர்பெனிரமின், வயிற்று வலிக்கான டைசைக்ளோமின், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ எழுதிய அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்கான ஆக்ஸிபியூட்டினின். இவை தடுப்பது அசிட்டைல்கோலின் செய்யும் வேலையை. குடல் அசையவும் வேண்டும், நினைவு பதியவும் வேண்டும் அந்தப் பொருள். டிமென்ஷியாவுக்குக் கொடுக்கும் டொனெபெசில் அதைக் கூட்டப் பார்க்க, இந்த மாத்திரைகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அதில் சர்க்கரைக்குப் பல வருடமாகச் சாப்பிடும் மெட்ஃபார்மினோ, பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலோ இருந்தால், வைட்டமின் பி12 அளவைச் சோதிக்கக் கேளுங்கள். இரண்டுமே அதைக் குறைக்கும். பி12 குறைவால் வரும் மறதியை ஆரம்பத்திலேயே பிடித்தால் பெருமளவு மீட்கலாம்.

வராமல் தடுப்பதைப் பொறுத்தவரை, லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் களைந்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. குடல் பாக்டீரியா அதில் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை, உடலுழைப்பின்மை எல்லாம் இருக்கின்றன. 40 வயதிலிருந்தே ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 130-க்குள் வைப்பதும், காது கேட்காத அப்பாவுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதும் எந்த பாக்டீரியா கேப்சூலையும் விட நம்பகமான செலவு. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி வேக நடை. குடலும் அதிலேயே அசையும்.

ஏற்கெனவே நோய் வந்தவரைக் கவனிப்பவர்களுக்கு: காலைப் பலகாரம் முடிந்து கால் மணி நேரத்தில், தினமும் ஒரே நேரத்தில் கழிப்பறையில் உட்கார வையுங்கள், சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும் நேரம் அது. மேற்கத்தியக் கழிப்பறை என்றால் பாதத்துக்குக் கீழே ஒரு குட்டி முக்காலி. மலம் கழித்த நாளை அடுக்களை நாள்காட்டியில் பேனாவால் சுழியுங்கள். மூன்று நாள் சுழி விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நேற்றுவரை பெயர் சொன்னவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால் சுழியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது மறதி நோயின் வேகம் அல்ல. சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, தலைக்குள் ரத்தக் கசிவோ, இந்த அடைப்போ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.