கிராப்புக் கோழிக்கு வானம் தெரியாது

வீட்ல கிராப்புக் கோழி, அதாவது தலைல எறகுக் கொண்டை வச்ச கோழி, வளர்க்கிறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் காட்சிய பாத்திருப்பாங்க. பிராந்து ஒண்ணு தோட்டத்து மேல தாழ வட்டம் போடுது, மத்த நாட்டுக்கோழி எல்லாம் அடுத்த செகண்டே செடிக்குள்ள பூந்துடுது, நம்ம கிராப்பு மட்டும் நடு வாசல்ல நின்னு நிதானமா கிளறிக்கிட்டு இருக்கும். இது மண்டு கோழின்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். உண்மையில அதுக்கு மண்டைல குறை இல்ல, மண்டை மேல இருக்கிற முடிதான் குறை.

கோழிக்கு கண்ணு ரெண்டும் தலையோட ரெண்டு பக்கத்துல இருக்கு. அதனால தலைய திருப்பாமலே சுத்தி கிட்டத்தட்ட 300 டிகிரி பாக்கும், பின்னாடி கொஞ்சம்தான் மறைவு. மேல பாக்கணும்னா நம்மள மாதிரி ரெண்டு கண்ணையும் தூக்காது, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு ஒத்தக் கண்ணால வானத்த பாக்கும். அதுலயும் பெரும்பாலும் இடது கண்ணு! கோழிக்கு இடது கண்ணுல விழுறது வலது மூளைக்குத்தான் போகுது, ஆபத்த கவனிக்கிற வேலை அந்தப் பக்கம், தானியத்தையும் கல்லையும் பிரிச்சு பொறுக்குற வேலை வலது கண்ணுக்கு. கோழிக்குஞ்சு மூளைல இப்படி இடம் வலம் பிரிஞ்சிருக்குன்னு எடுத்துக் காட்டினவங்கள்ல முக்கியமானவங்க ஆஸ்திரேலியாவோட லெஸ்லி ரோஜர்ஸ்.

இப்போ அந்தத் தலை மேல ஒரு பந்து அளவுக்கு எறகு வச்சு யோசிங்க. கீழ இருக்கிற தீனி தெரியும், முன்னாடி ஓரளவு தெரியும், ஆனா எந்தத் திசைல பிராந்து வருதோ கரெக்டா அந்தத் திசைதான் அடைபட்டிருக்கு. நம்ம ஊரு கிராப்புல கொண்டை சின்னது, அதனால பாதி ஆபத்துதான். ஃபேன்சி கோழிக்காரங்க போலிஷ் கேப்னு விக்கிறாங்களே, அதுக்கு நெலம ரொம்ப மோசம், பெட்டைக்கு முழு உருண்டை, சேவலுக்கு கண்ணு மேல சரியிற மாதிரி நீட்டு முடி.

இந்தக் கொண்டை வர்ற கதையும் சுவாரசியமானது. உடம்புல எந்த இடத்துல எது வளரணும்னு முடிவு பண்ற ஹாக்ஸ்னு ஒரு ஜீன் குடும்பம் இருக்கு. அதுல ஹாக்ஸ்-சி8னு ஒண்ணு, சாதாரணமா உடம்புப் பகுதில வேலை பாக்குறது, கொண்டைக் கோழில தலைத்தோல்லயும் வேலை செய்யுதுன்னு 2012ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு. தலைத்தோல் தன்னை முதுகுத்தோல்னு நெனச்சுக்கிட்டு நீளமா எறகு விடுதுன்னு வச்சுக்கலாம். இந்த ஜீன் மாற்றம் அப்பா அம்மா ரெண்டுல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தாலே போதும், குஞ்சுக்கு கொண்டை வந்துடும்.

பெரிய கொண்டை இருக்கிற கோழிங்க பலதுக்கு மண்டை ஓடு மேல குமிழ் மாதிரி எழும்பி இருக்கும், அந்த எலும்புல ஓட்டை ஓட்டையா இருக்கும். டார்வினே 1868ல வந்த புத்தகத்துல இத எழுதியிருக்காரு. அதனால இதுங்கள சண்டைக்காரக் கோழிங்களோட சேத்து விடாதீங்க, மத்த கோழிக்கு வலியோட போற ஒரு கொத்து இதுக்கு உயிரையே எடுத்துடலாம்.

சரி, கண்ணுதான் போச்சு, காது? இங்கதான் இயற்கை நமக்கு ஒரு வழி விட்டிருக்கு. கோழி பாஷைல ரெண்டு அபாய சத்தம் தனித்தனியா இருக்கு. கீழ நாயோ கீரியோ வந்தா கொக்கொக்கொக்குனு விட்டு விட்டு ஊரையே கூட்டும். மேல பிராந்துன்னா அப்படி இல்ல, மெலிசா இழுத்து ஒரு சத்தம், எங்க இருந்து வருதுன்னே பிடிபடாத மாதிரி. பீட்டர் மார்லர், கிறிஸ் எவன்ஸ் மாதிரி பறவை சத்தத்த ஆராயுற ஆளுங்க கூண்டுக்கு மேல டிவி மாட்டி பருந்து படம் ஓட்டிப் பாத்தே இதெல்லாம் கண்டுபிடிச்சாங்க. சேவல் தனியா இருந்தா பெரும்பாலும் வாயே தொறக்காது, பக்கத்துல பெட்டை இருந்தாதான் கத்தும். அதுவும் தான் ஒரு மறைவுல நின்னுக்கிட்டா இன்னும் நேரம் கத்தும். நம்ம ஆளுங்க மாதிரிதான்.

அதனால கிராப்பு வளர்க்கிறவங்க கூடவே எறகுக் கொண்டை இல்லாத ஒரு சேவல விடுங்க, சண்டை போடாத சாதுவான சேவலா பாத்து. பாக்கிற வேலைய அது பாக்கும், கேட்டு ஓடுற வேலைய இது செய்யும். ஆனா ஓட இடம் வேணுமே. பத்தடிக்கு ஒரு மறைவு இல்லாத வெட்டவெளில சத்தம் கேட்டும் பிரயோசனம் இல்ல. வாழைக்கட்டை, கவுத்துப் போட்ட பஞ்சாரம், சாய்ச்சு வச்ச பழைய தகரம், எதுவானாலும் சரி.

கரும்பருந்துக்கு றெக்கைய விரிச்சா ஒன்றரை மீட்டர் கிட்ட வரும், அது சறுக்கி எறங்கவும் அப்படியே ஏறிப் போகவும் வழி வேணும். முழத்துக்கு ஒரு கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டினா பெரும்பாலும் எறங்க யோசிக்கும். தூண்டிலுக்குக் கட்டுற தங்கூசி நரம்பு கட்டாதீங்க, கண்ணுக்குத் தெரியாம பறவைங்க சிக்கி றெக்கை அறுந்துடும், கட்டியே ஆகணும்னா வெள்ளைத்துணிய கிழிச்சு தொங்க விடுங்க. வல்லூறு வேற கேசு. அது புறா அளவுதான், றெக்கைய மடக்கி கயித்துக்கு நடுவுல பூந்து குஞ்ச தூக்கிடும். அதுக்கு பழைய மீன்வலைய மேல முழுசா போட்டு மூடினாதான் உண்டு. பழைய சிடி தொங்கவிடுறது நாலு நாளைக்கு நல்லா வேலை செய்யும், அஞ்சாம் நாள் பிராந்து அதுல முகம் பாத்துட்டுப் போகும்.

சம்பளம் இல்லாத காவக்காரன் ஒருத்தன் இருக்கான், கரிச்சான். ரெட்டைவால் குருவின்னும் சொல்லுவாங்க. கூடு கட்டி குஞ்சு வச்சிருக்கிற நேரத்துல காக்கா, பருந்து, வல்லூறு எது வந்தாலும் முதுகுல ஏறி கொத்தி விரட்டும். வேலியோரம் அது கூடு வைக்கிற மரத்த மட்டும் வெட்டிடாதீங்க. கவண்கல்லு, வெஷம்னு பருந்துகிட்ட போறது வேணாம், 1972 வனவிலங்கு சட்டப்படி அது குற்றம்.

கடைசியா கிராப்பு வெட்டுறது. ராத்திரி கோழி அசந்திருக்கும்போது டார்ச் அடிச்சு, கண்ணு ஓரத்துல வர்ற எறகு மட்டும் கத்திரிங்க, மொத்தத்தையும் மொட்டை அடிக்க வேணாம். புதுசா மொளைக்கிற எறகோட குருத்துல ரத்தம் ஓடும், அடி கருநீலமா இருந்தா தொடாதீங்க. எறகு உதிர்த்து புதுசு போட்டதும் மறுபடி கண்ண மூடும், மறுபடி வெட்டணும்.

நான் முதல் தடவ வெட்டின மறுநாள் காலைல எங்க கிராப்பு வாசலுக்கு வந்து, தலைய சாய்ச்சு, இடது கண்ணால மேல பாத்துச்சு. ஒரு கொக்குதான் போச்சு. அதுக்கே தரையோட தரையா ஒட்டிப் படுத்துடுச்சு, மத்த கோழி எல்லாம் ஒரு மாதிரி பாத்துட்டு மேய போயிடுச்சு.