மீற்றரைக் கழற்றினால் கரண்ட் நின்றுவிடாது

மட்டக்களப்பில் மழை ஓய்ந்து தை, மாசியில் வீட்டு வேலைகள் தொடங்கும். முன்சுவரை உடைத்துக் கடையறை எடுப்பது, 2011 தையில் வந்த வெள்ளத்தை நினைத்து நிலமட்டத்தை உயர்த்துவது, பழைய வயரிங்கைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவது என்று எதைத் தொட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் மின்சார மீற்றர்தான், ஏனென்றால் உடைக்க வேண்டிய சுவரில்தான் அது இருக்கும். "நாலு ஸ்க்ரூதானே, மெல்லக் கழற்றிப் பக்கத்தில் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் பூட்டிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர் நல்ல வேலைகாரராகவும் இருக்கலாம். ஆனாலும் விடாதீர்கள். அபராதம், வழக்கு என்பதெல்லாம் இரண்டாவது காரணம். முதல் காரணம் அந்தப் பெட்டிக்குள் நடப்பது.

கரண்ட் வரும் வழியைப் பாருங்கள். ரோட்டோரம் போகும் 33 கிலோவோல்ட் லைனை ட்ரான்ஸ்போமர் 400 வோல்ட்டாக இறக்குகிறது, அதன் ஒரு பேஸுக்கும் (கரண்டைக் கொண்டுவரும் மூன்று லைன் வயர்களில் ஒன்று) அது திரும்பிப் போகும் நியூட்றலுக்கும் இடையில் கிடைப்பதுதான் நமது 230 வோல்ட். கம்பத்திலிருந்து சேவிஸ் வயர் வீட்டுச் சுவருக்கு வருகிறது, அங்கிருந்து மீற்றருக்கு, மீற்றரிலிருந்து உங்கள் மெயின் சுவிட்சுக்கு, பிறகு ட்ரிப் சுவிட்ச், பிறகு ஒவ்வொரு அறைக்குமான சின்ன பிரேக்கர்கள். மீற்றரும் அதற்கு முன்னால் உள்ள எல்லாமும் மின்சாரம் தருபவருக்குச் சொந்தம், மீற்றரை விட்டு வீட்டுக்குள் போகும் வயரிலிருந்து பொறுப்பு உங்களுடையது. உங்கள் வளவில், உங்கள் சுவரில் இருந்தாலும் மீற்றர் உங்களுடையது அல்ல.

மெயின் சுவிட்சை ஓஃப் செய்தால் வீடு முழுக்க இருட்டாகிவிடும், அதனால் எல்லாம் நின்றுவிட்டது என்றே தோன்றும். நின்றது சுவிட்சுக்குப் பிறகு உள்ள பகுதி மட்டும். மீற்றரின் உள்வரும் முனையில் 230 வோல்ட் அப்படியே இருக்கிறது. பல வீடுகளில் மீற்றருக்குப் பக்கத்திலேயே மின்சார சபையின் ஒரு பிரேக்கர் இருக்கும், பழைய வீடுகளில் கட்அவுட் பியூஸ் இருக்கும். அதை விழுத்திவிட்டால் போதும்தானே என்று கேட்கலாம். அது மீற்றருக்கு எந்தப் பக்கத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மூடியைத் திறக்காமல் சொல்ல முடியாது, அந்தப் பிரேக்கருக்குள் வரும் வயரோ எந்த நேரமும் உயிரோடு இருக்கும்.

அந்தப் பகுதியில் உங்களைக் காக்க என்ன இருக்கிறது? ட்ரான்ஸ்போமர் கம்பத்தில் உள்ள பியூஸ், அவ்வளவுதான். அது உங்கள் வீட்டுக்காக வைத்த பியூஸ் அல்ல, தெரு முழுவதுக்கும் வைத்தது. ஒரு 100 கேவிஏ ட்ரான்ஸ்போமர் முழுச் சுமையில் ஒரு பேஸில் ஏறக்குறைய 144 அம்பியர் கொடுக்கும். அதன் உள் தடை 4 வீதம் என்று வைத்துக்கொண்டால் அதன் வாயிலிலேயே ஷோர்ட் ஆகும்போது 3600 அம்பியர் ஓடும். தூரம் கூடக்கூட லைனின் தடை அதைக் குறைக்கும், ஆனால் உங்கள் சுவரில் ஸ்க்ரூட்ரைவர் நழுவி இரண்டு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் என்பது சாதாரணம். செம்பு உருகித் தெறிக்கும், நடுவில் மின்வில் எழும், அதாவது கரண்ட் காற்றினூடாகவே பாய்ந்து எரியும், அதன் வெப்பம் பல ஆயிரம் பாகை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரமான வீடுதான் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஷோர்ட் கரண்ட் குறைந்தால் பியூஸ் எரிய எடுக்கும் நேரம் கூடும், அந்த நேரம் முழுவதும் வில் உங்கள் கைக்கு முன்னால் எரியும்.

ஷோர்ட்டே ஆகவில்லை, கை மட்டும் பட்டது என்று வைப்போம். ஈரக் கையின் தடையோடு உடம்பின் தடை 1500 ஓம் என்றால் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 150 மில்லி அம்பியர் உடம்பால் போகும். இதயத்தின் துடிப்பைக் குழப்பி ஆளைக் கொல்ல அது தாராளம். 144 அம்பியருக்கு வைத்த பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்கும் தெரியாது, அது தனக்குள்ளால் போய்த் திரும்பி வருகிற கரண்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. போன கரண்டும் வந்த கரண்டும் சமமில்லை என்றால் விழும். மீற்றரில் நீங்கள் வாங்கும் ஷொக் அதற்கு முன்னாலேயே நிலத்துக்குப் போய்விடுகிறது.

இங்கே ஏர்த் பற்றியும் சொல்ல வேண்டும். நமது வீடுகளில் ஏர்த் என்பது நாமே வளவில் அடித்த கம்பிதான், சபை அதைக் கம்பத்திலிருந்து கொண்டு வருவதில்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்துக் கடற்கரை மணல் காய்ந்தால் கரண்டை நன்றாகக் கடத்தாது. கம்பியின் தடை 50 ஓம் என்றால் ஒரு பழுதான பிரிட்ஜின் உடம்பிலிருந்து நிலத்துக்கு 4.6 அம்பியர்தான் போகும், 30 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் விழும். அதனால்தான் அது கட்டாயம் என்று சொல்கிறோம். நிலத்தை உயர்த்தும்போது மண்ணோடு மண்ணாக இந்த ஏர்த் வயர் அறுந்துபோவதும் அதை ஒருவரும் கவனிக்காமல் மேலே சிமெந்து போடுவதும் நடக்கிற விஷயம். வேலை தொடங்க முன் அது எங்கே இறங்குகிறது என்று பார்த்துச் சுவரில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

நியூட்றல்தான் எல்லாரையும் ஏமாற்றுவது. மீற்றரில் லைன் வயரைக் கழற்றாமல் நியூட்றலை முதலில் கழற்றினால் வீட்டில் எல்லாம் அணைந்துவிடும். கரண்ட் இல்லை என்று நினைத்து அந்தக் கழன்ற வயரைப் பிடித்தால் அடிக்கும். ஏனென்றால் எங்கோ ஒரு பல்போ பிரிட்ஜோ ஓனில் இருந்தால், லைன் அதனூடாக வந்து வீட்டுப் பக்க நியூட்றல் வயரில் காத்துக்கொண்டு நிற்கிறது. கரண்ட் ஓடாததால் பல்ப் எரியவில்லை, ஓட ஒரு வழியை உங்கள் உடம்பு கொடுக்கிறது.

த்ரீ பேஸ் வீட்டில் இதைவிட மோசம். அங்கே மூன்று பேஸின் சுமைகளும் ஒரே நியூட்றலில் வந்து சேர்கின்றன. அது கழன்றால் ஒரு பேஸில் உள்ள சாமானும் இன்னொரு பேஸில் உள்ள சாமானும் 400 வோல்ட்டுக்கு இடையில் தொடராக நிற்கும். ஒன்றில் 1000 வாட்ஸ் அயன் பொக்ஸ், மற்றதில் பழைய 60 வாட்ஸ் பல்ப் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். அயன் பொக்ஸின் தடை 53 ஓம், பல்பின் தடை 882 ஓம். தடை கூடியதற்குத்தான் வோல்ட் கூடப் போகும், ஆகவே பல்புக்கு 377 வோல்ட், அயன் பொக்ஸுக்கு வெறும் 23. பல்பின் இடத்தில் ஒரு டிவி இருந்தால் கதை முடிந்தது. சரியான முறை, எல்லாச் சுமையையும் நிறுத்தி, லைனை முதலில் பிரித்து நியூட்றலைக் கடைசியில் பிரிப்பது, பூட்டும்போது நியூட்றல் முதலில். இதை எழுதுவது நீங்கள் செய்வதற்காக அல்ல, சபையிலிருந்து வருபவர் கம்பத்திலேயே இணைப்பைக் கழற்றிவிட்டு வந்து இப்படிச் செய்வது ஏன் என்று விளங்குவதற்காக.

அப்புறம் திரும்பப் பூட்டுவது. கழற்றுவதைவிட இதில்தான் பிந்திய ஆபத்து இருக்கிறது. முனையில் வயர் சரியாக இறுகாமல் 0.1 ஓம் தடை இருந்தால், 30 அம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் 90 வாட்ஸ் சூடு. ஒரு பெரிய சோல்டரிங் அயனை மீற்றருக்குள் வைத்து மூடிய மாதிரி. சேவிஸ் வயர் அலுமினியம், வீட்டு வயர் செம்பு. அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் ஒரு ஒட்சைட்டுப் படலம் வரும், அது கரண்டைக் கடத்தாது. உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். அதற்கென்று உள்ள கனெக்டர் இல்லாமல் முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு இந்தக் கரையோரத்தில் நெடுநாள் தாங்காது.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு, மீற்றரைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே மீற்றர் ஒரு சொக்கெற்றில் செருகியிருப்பது, இழுத்தால் வரும், நமது மீற்றரில் வயர்கள் ஸ்க்ரூவில் இறுக்கப்பட்டிருக்கின்றன. அங்கேயும் மீற்றரை யாரும் திறக்காதபடி போட்டிருக்கும் சீலை உடைக்க மின் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், சில நிறுவனங்கள் உரிமம் பெற்றவருக்கு மட்டும் விடும், சில யாருக்கும் விடாது. சுமையோடு மீற்றரை இழுத்து எரிகாயப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2020இல் வந்த அவர்களுடைய தேசிய மின்விதி, புது வீட்டுக்கு வெளியே ஓர் அவசரத் துண்டிப்பு சுவிட்ச் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. தீயணைப்பவர் மீற்றரை இழுக்க வேண்டிய தேவையே வரக்கூடாது என்பது அதன் நோக்கம்.

நமது பக்கத்துச் சட்டம் சுருக்கம். 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மீற்றரில் கைவைப்பதைக் குற்றமாக்கியது. மின்துறையை மறுசீரமைக்க 2024இல் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தாலும், மீற்றர் யாருடையது என்பதில் மாற்றமில்லை. மீற்றரை இடம் மாற்றுவதோ, தற்காலிகமாகத் துண்டிப்பதோ, சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்குவதோ எதுவானாலும் உங்கள் பகுதி நுகர்வோர் சேவை நிலையத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தைக் கொண்டு போங்கள். வந்து பார்த்து மதிப்பீடு தருவார்கள், பணம் கட்டிய பிறகு வேலை. மேசன் வந்து நின்றபிறகு ஓடாமல், சுவரை உடைக்கப் பல வாரங்களுக்கு முன்பே கொடுங்கள், கட்டட வேலைக்குத் தற்காலிக இணைப்பு வேண்டும் என்றாலும் அப்போதே கேளுங்கள். வீட்டு வயரிங்கை தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ளவரிடம் கொடுங்கள். சீல் ஏற்கெனவே உடைந்திருப்பதைக் கண்டால் அன்றே 1987க்கு அழைத்துச் சொல்லுங்கள், பிறகு சொன்னால் நீங்கள் உடைக்கவில்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

கூரையில் சோலார் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். லைன் நின்றால் கிரிட்டோடு இணைந்த இன்வேர்ட்டரும் நின்றுவிடும், ஆனால் பனலிலிருந்து இறங்கும் டீசீ வயரில் பகலில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். ஜெனரேற்றரை சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது அதைவிடக் கொடுமை. ட்ரான்ஸ்போமர் இரண்டு பக்கமும் வேலை செய்யும், மெயின் சுவிட்சை மறந்தால் உங்கள் 230 வோல்ட் அதற்குள் பின்பக்கமாகப் போய் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளியே வரும், புயலுக்குப் பிறகு லைன் செத்துவிட்டது என்று கம்பத்தில் ஏறி நிற்பவர் அதைத் தொடுவார்.

சபையிலிருந்து மீற்றரை மாற்ற வரும் நாளுக்கு, மீற்றருக்கும் உங்கள் போர்டுக்கும் இடையில் பொருத்த, பூட்டுப் போடக்கூடிய ஒரு ஐசோலேற்றரை, அதாவது கரண்டை முழுதாகப் பிரித்துவிடும் சுவிட்சை, தயாராக வைத்திருங்கள். அடுத்தமுறை போர்டை மாற்றவோ ட்ரிப் சுவிட்சை மாற்றவோ அதை ஓஃப் செய்து பூட்டுப் போட்டுவிட்டு, நம்பகமான ரெஸ்ரரை முதலில் உயிருள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி உயிருள்ள இடத்தில் சோதித்தால் வீட்டு வயரிங் வேலைகளை மீற்றரைத் தொடாமலே முடித்துவிடலாம்.

புதிய இடத்தில் மீற்றர் பூட்டியதும் வந்தவர்கள் போக முன் ஒன்றைப் பாருங்கள். மின்னணு மீற்றரின் முகப்பில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 1600 என்றிருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி 1000 வாட்ஸ் அயன் பொக்ஸை மட்டும் போட்டால், அது சூடாகும் முதல் நிமிடத்தில் சிவப்பு விளக்கு ஏறக்குறைய 27 தடவை சிமிட்ட வேண்டும். பிறகு அதையும் ஓஃப் செய்யுங்கள். அப்போதும் சிமிட்டிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் எங்கோ ஒன்று இன்னும் கரண்ட் எடுக்கிறது, அல்லது உங்கள் லைனில் வேறொருவருடைய வயர் சேர்ந்திருக்கிறது. அவர்கள் நிற்கும்போதே காட்டுங்கள்.