ஹித்போனெனுத்: 'இறைவனை அறி' என்னும் யூதக் கடமையும் அதற்கான தமிழ்ச்சொல்லும்

யூத மரபுக் கணக்கில் தோராவின் (மோசேயின் ஐந்து நூல்களின்) கட்டளைகள் 613. 'செய்' என்பவை 248, 'செய்யாதே' என்பவை 365. இவற்றைத் தொகுத்த யூத அறிஞர் மோசே பென் மைமோன் (சுருக்கமாக ரம்பாம், மறைவு 1204) 248இல் முதலாவதாக வைத்த 'இறைவனை அறி' என்னும் கட்டளையைத் தமிழில் பலரும் 'கடவுள் நம்பிக்கை' என்று எழுதிவிடுகிறார்கள். இது பெரும்பிழை. அந்தக் கட்டளை கேட்பது அறிவை.

எபிரேயத்தில் 'யாதா' என்றால் அறிந்தான். அதன் பெயர்ச்சொல் 'தஅத்'. ஆதாம் ஏவாளை 'அறிந்தான்' என்று ஆதியாகமம் 4:1 சொல்வதும் இதே வினையால்தான். ஆகவே இது தகவல் தெரிந்திருப்பதோடு நிற்காது. பற்றிக்கொண்ட, ஒட்டிய அறிவு. தாவீது தன் மகன் சாலொமோனிடம் 'உன் தகப்பனின் தேவனை அறி, அவரைச் சேவி' என்கிறான் (1 நாளாகமம் 28:9). முதலில் அறிவு, பிறகு சேவை. இந்த வரிசையை யூத உரையாசிரியர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

'ஹித்போனெனுத்' இந்த அறிவுக்குப் போகும் வழியின் பெயர். 'பீனா' (பகுத்துணர்வு) பிறந்த வேரே இதற்கும் வேர். 'இடையே' என்று பொருள்படும் 'பேன்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ளதைப் பிரித்துப் பார்ப்பது அடிப்பொருள். வினை தன்வயமான வடிவில் வருவதால், பிரித்துப் பார்த்துத் தனக்குள்ளே தானே தெளிந்துகொள்வது என்றாகிறது. இரு வினைகளும் ஏசாயா 1:3இல் அடுத்தடுத்து நிற்கின்றன: இஸ்ரவேல் அறியவில்லை, என் ஜனம் 'ஹித்போனான்' செய்யவில்லை. பழைய தமிழ் வேதாகமம் இரண்டையும் 'அறிவு', 'உணர்வு' என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. நல்ல காது.

சரி, 'நம்பிக்கை' எங்கிருந்து நுழைந்தது? ரம்பாம் கட்டளைகளின் பட்டியலை அரபியில் எழுதினார். முதல் கட்டளைக்கு அவர் ஆண்ட சொல் 'இஃதிகாத்'. முடிச்சுப் போடுதல் என்ற வேரிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் 'அகீதா' (சமயக் கோட்பாடு) என்ற சொல்லுக்கும் அதே வேர். மனத்தில் உறுதியாக முடிச்சிட்டுக்கொண்ட கருத்து என்பது பொருள். 13ஆம் நூற்றாண்டில் மோசே இப்னு திப்போன் அதை எபிரேயத்தில் 'நம்புதல்' என்று பெயர்த்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஏமனில் பிறந்த அறிஞர் யோசேஃப் காஃபிஹ் 20ஆம் நூற்றாண்டில் அதை 'அறிதல்' என்று திருத்தினார். அவர் பக்கம்தான் நியாயம் என்பதற்கு ரம்பாமின் சொந்த எபிரேயமே சாட்சி. அவர் எபிரேயத்தில் எழுதிய சட்டத் தொகுப்பான 'மிஷ்னே தோரா'வின் முதல் வாக்கியம்: அடித்தளங்களின் அடித்தளமும் ஞானங்களின் தூணும், முதலாவதான ஒருவர் இருக்கிறார் என்று 'அறிவது'. அந்த வாக்கியத்தின் முதல் நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் யூதர்கள் உச்சரிக்காத இறைப்பெயரின் நான்கு எழுத்துகள் வரும். அவ்வளவு கவனமாக எழுதியவர் வினைச்சொல்லில் அலட்சியமாக இருந்திருப்பாரா?

இந்தக் கட்டளையை எதிர்த்தவர்களும் உண்டு. கட்டளை என்றால் கட்டளையிடுபவரை முன்பே ஏற்றிருக்க வேண்டும். பிறகு அவர் இருப்பதை அறி என்று எப்படிக் கட்டளையிடுவது என்று ஸ்பெயினின் யூத அறிஞர் ஹஸ்தாய் கிரெஸ்காஸ் கேட்டார். கேள்வி கூர்மையானது. ஆனால் ஏற்பதோடு கடமை முடிகிறது என்று எடுத்தால்தான் அது குத்தும். ரம்பாமுக்கு இது நாள்தோறும் வளர வேண்டிய அறிவு; அறிவு எவ்வளவோ அன்பும் அவ்வளவே என்கிறார்.

வழியையும் அவரே சொல்கிறார். படைப்புகளை எடுத்து அவற்றில் உள்ள ஞானத்தை ஆராய்ந்தால் உடனே அன்பும் மேலும் அறியும் ஏக்கமும் எழும். அதையே தொடர்ந்து நினைத்தால் தான் எவ்வளவு சிறியவன் என்ற அச்சத்தில் மனம் பின்வாங்கும். அவருக்கு முந்திய யூத அறிஞர் பஹ்யா இப்னு பகூதா மனித உடலையே கையருகே உள்ள பாடமாகக் காட்டினார். இறைவனின் சாராம்சத்தை மட்டும் இப்படி நேரே நெருங்க முடியாது. 'அவர் இன்னது அல்லர்' என்று விலக்கி விலக்கித்தான் போக முடியும். ரம்பாமின் எடுத்துக்காட்டு ஒரு கப்பல். கப்பலைக் கண்டிராதவர், அது கனிமம் அல்ல, உயிரினம் அல்ல, முளைத்து நிற்கும் செடி அல்ல, கதவு போலத் தட்டை அல்ல, உருண்டை அல்ல, உள்ளே கெட்டியாக நிறைந்ததும் அல்ல என்று ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியில் கப்பலுக்கு மிக அருகே வந்துவிடுகிறார். ஒவ்வொரு நீக்கத்தையும் தகுந்த காரணத்தோடு செய்தால்தான் அது அறிவு. வாயால் 'இல்லை, இல்லை' என்பதால் பயனில்லை.

அன்றாட நடைமுறையில் இது இறைவன் ஒருவரே என்று அறிக்கையிட்டுக் காலையும் மாலையும் சொல்லும் 'ஷெமா' என்ற வேத வசனங்களில் வருகிறது. வலக்கையால் கண்ணை மூடி முதல் வசனத்தைச் சொல்வார்கள். கடைசிச் சொல் 'எஹாத்' (ஒருவர்). அதன் மூன்று எழுத்துகளில் நடு எழுத்தின் எண்மதிப்பு 8: ஏழு வானங்களும் பூமியும். கடைசி எழுத்தான தாலெத்தின் மதிப்பு 4: நான்கு திசைகள். இவை அனைத்திலும் அவர் ஒருவரே அரசர் என்று எண்ணி முடிக்கும் நேரம் அளவுக்கு ஒலியை நீட்ட வேண்டும். முதல் எழுத்தை நீட்டக் கூடாது. தாலெத்தை 'ரேஷ்' என்ற வேறு எழுத்தாக ஒலித்தால் சொல் 'அஹேர்', அதாவது 'வேறொருவர்' என்று திரிந்துவிடும். தோராச் சுருளில் அந்தத் தாலெத் பெரிதாக எழுதப்படுகிறது. மனம் வேறெங்கோ இருந்து முதல் வசனத்தைச் சொன்னால் கடமை நிறைவேறாது. திரும்பச் சொல்ல வேண்டும்.

ஹித்போனெனுத்தைத் தனிப் பயிற்சியாகவே வளர்த்தது 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஹபாத் என்ற யூத ஆன்மிக மரபு. ஞானம், பகுத்துணர்வு, தஅத் ஆகிய மூன்றின் எபிரேய முதலெழுத்துகளே அதன் பெயர். முதலில் ஒரு கருத்துரையைத் தெளிவாகக் கற்க வேண்டும். பிறகு காலை வழிபாட்டுக்கு முன் அதை விவரம் விவரமாக மனத்தில் ஓட்டி, வழிபாட்டிலும் அதைச் சுமந்துசெல்ல வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது 'இறைவன் பெரியவர்' என்ற பொதுக் கருத்தோடு நின்றுவிடுவதில். உணர்ச்சி சட்டென்று பொங்கி, வழிபாடு முடியும் முன்பே வடிந்துவிடும். இன்னொன்று, கருத்தை விட்டுவிட்டுத் தன் பரவசத்தையே ரசிப்பது. விவரங்களுக்குத் திரும்புவதே அதற்கு மருந்து. எதை உண்ணலாம், எது விலக்கு என்பன போன்ற அன்றாடச் சட்டங்களைக் கற்று வயிறு நிறைந்த பிறகே மேலான ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்று ரம்பாமும் நிபந்தனை வைத்தார்.

தமிழில் 'தியானம்' என்றால் மனத்தை ஒடுக்குவதும் ஒரு நாமத்தில் நிறுத்துவதும் முதலில் நினைவுக்கு வரும். இங்கே மனம் ஓயாமல் வேலை செய்கிறது. 'சிந்தனை' பொருந்தும், ஆனால் தளர்ந்த சொல். 'ஓர்தல்' என்ற பழஞ்சொல் ஆராய்ந்து தெளிதலைக் குறிக்கும். 'ஓர்த்துள்ளம் உள்ளது உணரின்' என்ற குறளில் (357) ஓர்தலுக்குப் பின் உணர்தல் வருகிறது. அந்தக் குறள் பேசும் பிறவி நீக்கம் வேறு கோட்பாடு, சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஹித்போனெனுத்துக்கு 'ஓர்தல்', தஅத்துக்கு 'இறையுணர்வு' அல்லது வெறும் 'அறிவு', கட்டளையின் பெயருக்கு 'இறைவனை அறிதல்' என்று எழுதலாம். 'நம்பிக்கை', 'விசுவாசம்' இரண்டையும் 'எமுனா' என்ற வேறொரு எபிரேயச் சொல்லுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.