மரங்களுக்கிடையே பயிர் வைத்தவர்கள் மண்வள அட்டையில் ஏமாறும் இடங்கள்

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் வந்தது. வயல் மண்ணில் மாதிரி எடுத்து 12 அளவீடுகளைப் பார்த்து உரப் பரிந்துரையோடு அட்டை தருவார்கள். விவசாயிக்குச் செலவில்லை. வரலாறு இவ்வளவு போதும்.

அட்டையில் பெயர் உங்களுடையதாக இருக்கும், மண் பக்கத்து வயலுடையதாக இருக்கும். திட்டம் தொடங்கியபோது வகுத்த கணக்குப்படி பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒன்று. அந்தப் பரப்புக்குள் வரும் எல்லாருக்கும் ஒரே முடிவுதான். போதாததற்கு, மாதிரி எடுப்பவருக்கான அறிவுரையே மர நிழல், வரப்பு, எருக்குவியல் பக்கம் போகாதே என்கிறது. தேக்கும் சவுக்கும் வரிசையாக நிற்கும் வயலை விட்டுவிட்டு வெட்டவெளியில் மண் எடுத்தால் விதிப்படி அது சரி. உங்களுக்குத்தான் பயனில்லை.

ஆகவே உதவி வேளாண்மை அலுவலரிடம் மாதிரி எடுக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு, வயலில் நில்லுங்கள். அறுவடை முடிந்து, அடுத்த உரம் போடும் முன்பு எடுக்க வேண்டும். மர வரிசையை ஒட்டி ஒன்று, இரு வரிசைகளுக்கு நடுவில் ஒன்று எனத் தனித்தனி மாதிரி கேளுங்கள். இரண்டையும் கலக்க விடாதீர்கள். சராசரி எந்த இடத்துக்கும் பொருந்தாது. ஒன்றுதான் பதிவோம் என்றால், பயிர் அதிகம் நிற்கும் நடுப்பகுதியைக் கொடுத்துவிட்டு, மற்றதை மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். அலைவதைவிட இது மேல்.

மேலே கிடக்கும் சருகை முதலில் ஒதுக்குங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மக்காத இலைத்துணுக்கு மாதிரியில் சேர்ந்தால் அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மக்கிய பொருளில் உள்ள கரிமம், கூடுதலாகக் காட்டும். 0.75 சதவீதத்தைத் தாண்டினால் 'அதிகம்' என்று எழுதி, சில இடங்களில் அதை வைத்தே தழைச்சத்தையும் (நைட்ரஜன்) கணித்துவிடுவார்கள். யூரியா பரிந்துரை குறையும். ஆனால் காய்ந்த சருகு மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே பிடித்துக்கொள்ளும். அட்டை 'அதிகம்' என்னும், பயிர் வெளிறி நிற்கும்.

'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு இடம். கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாக்கி நிழலில் உலர்த்துங்கள். பழைய உரச்சாக்கு வேண்டாம். துருப்பிடித்த மண்வெட்டியும் வேண்டாம். இரும்புச்சத்து அளவு கெடும்.

பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், அவர் பெயரிலேயே பதியச் சொல்லுங்கள். இது மானியம் அல்ல, பரிந்துரை அந்தச் சர்வே எண்ணின் மண்ணுக்குத்தான். மாதிரி எண்ணை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். அது இல்லாதவருக்கு 'ஆய்வகத்துக்குப் போயிருக்கு' என்ற ஒரே பதில்தான் மாதக்கணக்கில் கிடைக்கும்.

அட்டை வந்ததும் முதலில் சர்வே எண்ணைப் பாருங்கள். அடுத்து பாசனமா மானாவாரியா என்பதை. உர அளவெல்லாம் அதற்குப் பிறகு. மர வரிசையை ஒட்டிய பயிர் மட்டும் குன்றியிருந்து, அங்கே எடுத்த மாதிரியில் சத்துக் குறைவு இல்லை என்றால் உரத்தைக் கூட்டாதீர்கள். வேர்ப்போட்டியா, நிழலா என்று பாருங்கள். அட்டையில் அதற்குக் கட்டமே கிடையாது.