உயிர் கொதிநீரில் பிறந்ததா?

1977-ல் ஆல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி, காலபகோஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. வெளிச்சமே எட்டாத அந்த இருட்டில் கடல்தரை பிளந்து வெந்நீர் வந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ராட்சதக் குழாய்ப் புழுக்களும் சிப்பிகளும் கூட்டமாக வாழ்ந்தன. அத்தனைக்கும் ஆதாரம் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றலை எடுக்கும் பாக்டீரியாக்கள். இரண்டே ஆண்டுகளில் 350 டிகிரி செல்சியசையும் தாண்டும் கரும்புகை ஊற்றுகள் கிடைத்தன. உயிர் இப்படி ஓரிடத்தில்தான் தொடங்கியிருக்குமோ என்ற எண்ணம் சீக்கிரமே வலுத்துவிட்டது.

மரபணுக்களும் அதற்கு ஒத்துப் பேசின. அதே 1977-ல் கார்ல் வூஸ், செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, பாக்டீரியா போலத் தெரிந்தாலும் அதிலிருந்து வேறான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்க் குழுவைப் பிரித்துக் காட்டினார். அவர் வழியில் பின்னால் வரையப்பட்ட, உயிர்களின் உறவைக் காட்டும் உயிர்மரங்களில் வேருக்கு அருகே வெப்பவிரும்பி நுண்ணுயிர்களே வந்து நின்றன. அவற்றில் ஒன்றான மெத்தனோபைரஸ், உயர் அழுத்தத்தில் 122 டிகிரியிலும் பெருகுகிறது. அப்படியானால் முதல் உயிரும் சூட்டில்தான் பிறந்தது என்று முடித்துவிடலாமா?

முடியாது என்றே நினைக்கிறேன். மரத்தின் வேரில் இருப்பது முதல் உயிர் அல்ல. இன்றுள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான கடைசி மூதாதைதான் அங்கே இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைச் சுருக்கமாக லூக்கா என்பார்கள். அதற்கு முன்பே டிஎன்ஏ, புரதம், ரைபோசோம் எல்லாம் உருவாகிவிட்டன. லூக்கா எங்கே வாழ்ந்தது என்பது ஒரு கேள்வி, உயிர் எங்கே தொடங்கியது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் இந்த விவாதம் இவ்வளவு குழம்புகிறது.

லூக்காவின் வெப்பநிலையிலேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆர்என்ஏவின் எழுத்துகள் போன்ற நான்கு காரங்களில் குவானினும் சைட்டோசினும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்கின்றன, அடினினும் யுராசிலும் இரண்டால்; மூன்று பிணைப்பு உள்ள ஜோடி சூட்டில் எளிதில் பிரியாது. அதனால் சூட்டில் வாழும் உயிர்களின் ரைபோசோம் ஆர்என்ஏவில் முதல் ஜோடி அதிகம். 1999-ல் நிக்கோலா கால்ட்டியே குழு, லூக்காவின் ஆர்என்ஏவில் இந்த விகிதம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. கடும் வெப்பத்துக்கு ஏற்ற அளவு அதில் இல்லை. 2013-ல் சதோஷி அகனுமா குழு பழம்புரதங்களின் வரிசையை ஊகித்து, அவற்றை ஆய்வகத்தில் செய்து சூடாக்கிப் பார்த்து, 75 டிகிரிக்கு மேல் என்றது. இன்னும் இழுபறிதான்.

முதல் உயிர் என்று வந்தால் வேதியியல் குறுக்கே நிற்கிறது. உயிரின் முதல் மரபுப்பொருளாகப் பலர் கருதுவது ஆர்என்ஏ. அதன் முதுகெலும்பில் உள்ள சர்க்கரை ரைபோஸ். ஸ்டான்லி மில்லர் குழு 1995-ல் அளந்தபோது, நடுநிலை நீரில், 100 டிகிரியில் ரைபோஸில் பாதி 73 நிமிடத்தில் சிதைந்தது. 0 டிகிரியில் அதற்கு 44 ஆண்டுகள் ஆகும். சைட்டோசினுக்கு 100 டிகிரியில் 19 நாட்கள்தான். இன்றைய வெப்பவிரும்பிகள் எப்படித் தாங்குகின்றன? டிஎன்ஏவைக் கூடுதலாக முறுக்கும் ரிவர்ஸ் கைரேஸ் என்ற நொதி, தளர்ந்துபோகாத சவ்வு, சேதத்தை விடாமல் சரிசெய்யும் புரதங்கள் என்று பெரிய ஏற்பாடே அவற்றிடம் இருக்கிறது. பரிணாமம் காலப்போக்கில் சேர்த்துக் கொடுத்த ஏற்பாடு அது. தொடக்க நாள் மூலக்கூறுகளிடம் இதில் எதுவும் கிடையாது.

அதற்காகக் கடலடி ஊற்றுகளை ஒதுக்க வேண்டியதில்லை. அட்லாண்டிக்கில் 2000-ல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்ட் சிட்டி என்ற கடலடி ஊற்றுத்தொகுதியில் நீர் 40 முதல் 90 டிகிரிதான். பாறையும் நீரும் வினைபுரிந்து ஹைட்ரஜன் அங்கே ஓயாமல் வெளிவருகிறது. சுண்ணாம்புக் கோபுரங்கள் முழுக்க நுண்ணிய துளைகள். கார்பன் டை ஆக்சைடைக் கரிமச் சேர்மங்களாக மாற்றக் கையில் ஹைட்ரஜன் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! மறுபக்கம், பனிக்கட்டிக்கும் ஆதரவு உண்டு. நீர் உறையும்போது மிச்சமிருக்கும் திரவத்தில் மூலக்கூறுகள் செறிந்துவிடும், சிதைவும் மெதுவாகும். கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹோலிகர் குழு உருவாக்கிய, ஆர்என்ஏவாலேயே ஆன ஒரு நொதி, மைனஸ் 19 டிகிரியிலும் ஆர்என்ஏவைப் படியெடுத்தது.

சூடும் குளிரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இடம்தான் என் மனதுக்குப் பொருந்துகிறது. மியூனிக்கில் டீட்டர் பிரவுன் குழு ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கும் பாறைத்துளை போன்ற அறையைச் செய்து பார்த்தது. சூடான பக்கத்தில் டிஎன்ஏவின் இரட்டை இழைகள் பிரிந்தன, குளிர்ந்த பக்கத்தில் மீண்டும் ஜோடி சேர்ந்தன. நீளமான இழைகள் துளைக்குள்ளேயே தங்க, குட்டையானவை நீரோட்டத்தோடு வெளியேறின. படியெடுப்பதும் தேர்ந்தெடுப்பதும் வெறும் வெப்ப வேறுபாட்டின் உதவியோடு ஒரே துளையில் நடந்துவிட்டன. ஆனால் அங்கே படியெடுத்தது இன்றைய உயிர்களிடமிருந்து எடுத்த புரத நொதி. அந்தப் புரதம் இல்லாமல் ஆர்என்ஏ மட்டுமே அந்த வேலையை அதே துளையில் செய்துகாட்ட வேண்டும். அப்புறம்தான் இந்த வழியை உறுதியாகச் சொல்ல முடியும்.