கையைத் தளர்த்தும் கால் நொடி

“சிபிஆர் செய்யும்போது மார்பை அழுத்தினால் இரத்தம் வெளியே போகும் என்பது புரிகிறது. ஆனால், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் கையின் பாரத்தை முழுவதும் தளர்த்தச் சொல்வது ஏன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர் காக்க முயலும் முதலுதவியே சிபிஆர். அதன் பயிற்சி வகுப்புகளில் ஒரே வரியில் சொல்லிச் செல்லப்படும் அந்தக் குறிப்பு, விரிவான விளக்கத்துக்குத் தகுதியானது.

திடீர் இதய நிறுத்தத்தில் பல வேளைகளில் இதயத்தின் கீழறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிதுடிக்கின்றன, இரத்தம் நகர்வதில்லை. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும், சில நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தினால், இயல்பான இரத்த ஓட்டத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மீளும்.

இனி இதயத் தசையைப் பார்ப்போம். அதற்கு இரத்தம் தரும் கரோனரி தமனிகள் பெருந்தமனியின் தொடக்கத்திலேயே பிரிகின்றன; அவற்றில் இரத்தம் ஓட வேண்டுமானால், பெருந்தமனியில் உள்ள அழுத்தம் இதயத்தின் வலது மேலறையில் உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும். நாம் மார்பை அழுத்தும் கணத்தில் இரண்டு இடங்களிலும் அழுத்தம் சேர்ந்தே உயர்வதால் தசைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. கையைத் தளர்த்தியதும் பெருந்தமனியின் வால்வு மூடிக்கொண்டு அங்குள்ள அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க, வலது மேலறையில் மட்டும் அழுத்தம் சட்டெனச் சரிகிறது. அந்த வேறுபாட்டில்தான், ஏறத்தாழ கால் நொடி மட்டுமே நீடிக்கும் அந்த இடைவெளியில்தான், இதயம் தனக்கான இரத்தத்தைப் பெறுகிறது. மார்பின்மீது சாய்ந்தபடியே அழுத்துபவர் எவ்வளவு வலிமையானவராக இருந்தாலும் இந்த வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறார். இதயத்துக்குத் திரும்பிவர வேண்டிய இரத்தத்தையும் தடுக்கிறார்.

இந்த முறைக்கு வித்திட்டது வேறொன்றுக்காக நடந்த ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியாளர் கௌவன்ஹோவனின் குழு, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் மின் அதிர்ச்சி சிகிச்சையை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தது. கனமான மின்வாய்களை மார்பில் வைத்து அழுத்தியபோதே, மின்சாரம் பாய்ச்சும் முன்பே, இரத்த அழுத்தம் சற்று உயர்வதை நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆய்வாளர் கவனித்தார். கௌவன்ஹோவனும் நிக்கர்பாக்கரும் மருத்துவர் ஜூடும் சேர்ந்து 1960இல் முடிவுகளை வெளியிட்டனர். உடனடிப் பயன் என்னவென்று காட்டினால்தான் நிதி என்று அடம்பிடிப்பவர்கள், இத்தகைய கவனிப்புகளுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அழுத்துவதை நிறுத்தினால் பெருந்தமனியின் அழுத்தம் சில நொடிகளில் விழுந்துவிடுகிறது. அதை மீண்டும் உயர்த்தப் பல அழுத்தங்கள் தேவைப்படுகின்றன. ஆகவே, நினைவிழந்தவர் இடையிடையே வாயைத் திறந்து திணறி மூச்சிழுப்பதைப் பார்த்து, உயிர் மீண்டுவிட்டதென்று நம்பிக் கையை எடுத்துவிடக் கூடாது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலரிடம் தோன்றும் அறிகுறி அது. களைத்த கை தன்னையறியாமல் மார்பில் சாயத் தொடங்கும் என்பதால், உடன் ஒருவர் இருந்தால் ஏறத்தாழ 2 நிமிடங்களுக்கு ஒருமுறை, இடைவெளி விழாமல், ஆள் மாறிக்கொள்ள வேண்டும்.